டைல்ஸுக்குப் பின்னாடி போற 10,000 ரூபாய்: பாத்ரூம் சுவர்ல எங்க மிச்சம் பிடிக்கக் கூடாது?



லோன் போட்டு ஃபிளாட் வாங்கினவங்க, அப்பா அம்மா இருக்கற பழைய வீட்டைப் புதுப்பிக்கறவங்க, எல்லாருமே பாத்ரூமுக்கு ஒரு பட்ஜெட் போடுவீங்க. டைல்ஸ் எவ்வளவு, ஷவர் எவ்வளவு, வாஷ்பேசின் எவ்வளவுன்னு எக்ஸெல்ல வரிசையா இருக்கும். டைல்ஸ் கடையிலயே ரெண்டு சனிக்கிழமை போயிடும். ஆனா அந்த டைல்ஸுக்குப் பின்னாடி, சுவர்ல என்ன பூசப் போறாங்கங்கறதுக்கு அந்த எக்ஸெல்ல ஒரு வரி கூட இருக்காது. "அதெல்லாம் மேஸ்திரி பார்த்துப்பார்"னு விட்டுடுவோம்.

இந்த வாரம் வீடியோல கணக்கை மட்டும் சுருக்கமா காட்டியிருந்தோம். வேலை எந்த வரிசையில நடக்கணும், எந்த இடத்துல பணத்தைக் கையில பிடிச்சு வெச்சுக்கணும்னு இந்தப் பதிவுல முழுசா பார்க்கலாம். ஒரே ஒரு விஷயம் மட்டும் மனசுல இருக்கட்டும்: டைல்ஸ் ஒட்டற நிமிஷம் வரைக்கும்தான் உங்களுக்கு அந்த வேலையைப் பார்க்க முடியும், கேள்வி கேட்க முடியும். ஒட்டிட்டா, அடுத்து அந்தச் சுவரைப் பார்க்கறது உடைக்கும்போதுதான்.

முதல்ல கணக்கு

5 அடிக்கு 7 அடி பாத்ரூம் ஒண்ணு எடுத்துப்போம். ஃபிளாட்ல சாதாரணமா பார்க்கற சைஸ்தான்.

- தரை: 5 × 7 = 35 சதுர அடி
- ஷவர் இருக்கற மூலை: 5 அடி சுவர் முழுசா, ரெண்டு பக்கமும் 3 அடி. மொத்தம் 11 அடி அகலம், 7 அடி உயரம் = 77 சதுர அடி
- மீதி 13 அடி சுவர்ல, தரையில இருந்து 1 அடி உயரத்துக்கு = 13 சதுர அடி

கூட்டினா 125 சதுர அடி. வாட்டர்ப்ரூஃபிங் பொருளும் கூலியும் சேர்த்து சதுர அடிக்கு 80 ரூபாய்னு வெச்சுப்போம். இது உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் ரேட்டைப் போட்டுக்கோங்க. 125 × 80 = 10,000 ரூபாய்.

இப்ப இதைச் செய்யாம விட்டு, ரெண்டு வருஷத்துல தண்ணி கசிய ஆரம்பிச்சா? இதுவும் உதாரணக் கணக்குதான்:

- டைல்ஸை உடைச்சு, குப்பையைக் கீழே இறக்கி லாரில ஏத்த: 10,000
- புது டைல்ஸ், பசை, ஒட்டற கூலி (185 சதுர அடி × 150): 27,750
- அப்ப விட்ட வாட்டர்ப்ரூஃபிங்: 10,000
- குழாய், ஷவர், கிளாசெட் கழட்டி மாட்ட: 8,000
- கீழ் வீட்டுக்காரர் சீலிங்ல பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சுக் கொடுக்க: 8,000

மொத்தம் 63,750 ரூபாய். கையில எமர்ஜென்சி ஃபண்ட் இல்லைன்னா பெர்சனல் லோன். 14% வட்டி, 24 மாசம்னா இஎம்ஐ சுமார் 3,060. வட்டியா மட்டும் கட்டறது சுமார் 9,700. அதாவது நீங்க மிச்சம் பிடிச்ச 10,000 ரூபாய், கிட்டத்தட்ட அப்படியே பேங்குக்கு வட்டியாப் போயிடுது. 63,750 அதுக்கு மேல தனி.

"அந்த 10,000-ஐ மியூச்சுவல் ஃபண்ட்ல போட்டிருந்தா வளர்ந்திருக்குமே"ன்னு சிலர் கேட்பீங்க. 12% வருமானம்னே வெச்சுப்போம். 5 வருஷத்துல 17,600 ஆகும். ஒரு தடவை டைல்ஸ் உடைக்கற செலவுல மூணுல ஒரு பங்கு கூட அது வராது.

டைல்ஸே தண்ணியைத் தடுக்காதா?

எல்லாருக்கும் வர்ற சந்தேகம் இது. நல்ல விட்ரிஃபைடு டைல் அதோட எடையில 0.5%-க்கு மேல தண்ணி உறிஞ்சாது. ஆனா சுவருக்கு நாம வாங்கற செராமிக் டைல்ஸ்ல நிறைய, பின்பக்கம் 10%-க்கு மேல உறிஞ்சற ரகம். அதை விடுங்க, தண்ணி டைல் வழியா போறதே இல்ல. ரெண்டு டைலுக்கு நடுவுல இருக்கற இடுக்கு வழியா போகுது. அதுல அடைக்கற சாதாரண சிமெண்ட் கிரவுட்ல கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கு. எபாக்ஸி கிரவுட் போட்டா உறிஞ்சறது ரொம்பக் குறையும், ஆனா மூலையில, குழாய் வெளியே வர்ற இடத்துல விரிசல் விட்டா அங்கேயும் தண்ணி இறங்கும்.

உள்ளே போன தண்ணி பூச்சுல ஊறி, செங்கல்லுக்குப் போய், அந்தப் பக்கம் பெட்ரூம் சுவர்ல வெளிய வரும். ஸ்கர்ட்டிங்குக்கு மேல பெயிண்ட் உப்பும், வெள்ளையா உப்பு பூக்கும், பீரோ பின்பக்கம் பூஞ்சை வாசனை அடிக்கும். நம்ம வீட்ல பெரியவங்க "சுவர் ஓதம் அடிக்குது"ன்னு சொல்வாங்களே, அதுதான். அந்த ஓதத்துக்கு பெட்ரூம் பக்கம் பெயிண்ட் மேல பெயிண்ட் அடிக்கறது மாத்திரையில ஜுரத்தை அமுக்கற மாதிரி. தண்ணி வர்ற பக்கம் அடைக்காத வரைக்கும் நிக்காது.

அதனால டைல்ஸ் அழகுக்கும், கழுவறதுக்கு வசதிக்கும். தண்ணியைத் தடுக்கற வேலை அதுக்குப் பின்னாடி இருக்கற கோட்டிங்கோடது.

வேலை நடக்க வேண்டிய வரிசை

1. சுவர்ல என்ன இருக்குன்னு பாருங்க. பழைய பாத்ரூம்னா பெயிண்ட், பட்டி, லூசான காரை எல்லாத்தையும் சுரண்டி எடுக்கணும். கரணைக் கைப்பிடியால தட்டிப் பார்த்தா, டொப் டொப்னு வெத்துச் சத்தம் வர்ற இடத்துல பூச்சு சுவரை விட்டுப் பிரிஞ்சிருக்குன்னு அர்த்தம். அங்க கொத்தி எடுத்துட்டுப் புதுசா பூசணும். உள் சுவர்களுக்கு ஜிப்சம் பிளாஸ்டர் பண்ற வழக்கம் இப்ப வந்திருக்கு. ஹாலுக்கு அது சரி. பாத்ரூம்ல கூடவே கூடாது, தண்ணி பட்டா இளகிடும். பாத்ரூம் சுவருக்கு சிமெண்ட் பூச்சுதான்.

2. பைப்பை மூடறதுக்கு முன்னாடி பிரஷர் டெஸ்ட். சுவர்ல காடி வெட்டி சிபிவிசி பைப், டைவர்ட்டர் எல்லாம் வெச்ச பிறகு, கை பம்புல பிரஷர் ஏத்தி கேஜ் முள் இறங்குதான்னு பார்க்கணும். பசை காய்றதுக்கு டைம் கொடுத்துட்டுத்தான் இதைச் செய்யணும். முள் இறங்கினா எங்கேயோ ஜாயிண்ட் விடுதுன்னு அர்த்தம். பைப்பே கசிஞ்சா மேல எவ்வளவு நல்ல கோட்டிங் அடிச்சும் பிரயோஜனம் இல்ல, தண்ணி கோட்டிங்குக்குப் பின்னாடி இருந்துல்ல வருது? டெஸ்ட் முடிஞ்சதும் பைப் போற பாதையை ஒரு டேப் வெச்சு போட்டோ எடுத்துக்கோங்க. பின்னாடி டவல் ராடுக்கு டிரில் போடும்போது அந்த போட்டோ கைகொடுக்கும்.

3. காடியை அடைச்சு பூசறது. காடியைக் கலவையால நல்லா அடைச்சு, மேல கோழி வலை வெச்சு பூசணும். இல்லைன்னா பைப் போற கோட்டுலயே விரிசல் வரும். பூச்சுக்கு பி-சாண்ட் கேளுங்க. ரசமட்டம், தூக்குக்குண்டு வெச்சு சுவர் நேரா இருக்கான்னு இப்பவே பார்த்துடணும். பூசின சுவருக்குக் குறைஞ்சது 7 நாள் தண்ணி விடணும். நிறைய இடத்துல இந்த 7 நாள்தான் முதல்ல வெட்டுப்படுது.

4. மூலைகளும் ஓட்டைகளும். பாத்ரூம் கசியறது பெரும்பாலும் சுவரோட நடுவுல இருந்து இல்ல. சுவரும் தரையும் சேர்ற மூலை, ரெண்டு சுவர் சேர்ற மூலை, பைப் வெளியே வர்ற இடம், நஹானி ட்ராப்பைச் சுத்தி, இங்கதான். தரை-சுவர் மூலையில கலவையைச் சின்னச் சரிவா வெச்சு, 90 டிகிரி முனையை மழுக்கிடணும். கோட்டிங் அடிக்கும்போது மூலைகள்ல ஃபைபர் மெஷ் துணியை நடுவுல பதிக்கணும். சோப்பு, ஷாம்பு வைக்க சுவர்ல மாடம் விடறீங்கன்னா, அதோட அடிப்பாகம் வெளிப்பக்கமா லேசா வாட்டமா இருக்கணும். உள்பக்கம் அஞ்சு முகத்துலயும் கோட்டிங் வரணும்.

5. கோட்டிங். பவுடரும் லிக்விடும் தனித்தனியா வர்ற, பாலிமர் கலந்த சிமெண்ட் கோட்டிங்தான் நம்ம ஊர் பாத்ரூம்ல பரவலா பயன்படுத்தறது. பிராண்ட் சொல்லப் போறதில்ல. நல்ல கம்பெனிகள் எல்லார்கிட்டயும் இந்த ரகம் இருக்கு. தூசியைக் கழுவி, சுவரை ஈரமாக்கி, ஆனா தண்ணி வழியாத நிலையில முதல் கோட். அது காய்ஞ்ச பிறகு ரெண்டாவது கோட், முதல் கோட் மேலும் கீழுமா அடிச்சிருந்தா இது இடமும் வலமுமா. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம், எத்தனை நாள் காயணும், தண்ணி விடணுமா வேண்டாமா, எல்லாம் பேக்கெட்லயே போட்டிருக்கும். மேஸ்திரி அனுபவத்தைவிட பேக்கெட்ல இருக்கறதுக்கு முன்னுரிமை கொடுங்க.

உயரம்? ஷவர் பகுதியில ஷவர் தலைக்கு மேல வரைக்கும், அதாவது சுமார் 7 அடி. மத்த சுவர்கள்ல தரைக் கோட்டிங்கையே குறைஞ்சது 1 அடி மேல ஏத்தணும்.

இங்க ஒரு உஷார். "வாட்டர்ப்ரூஃப் எல்லாம் போட்டாச்சு சார்"னு சொன்னா, எது போட்டீங்கன்னு கேளுங்க. பூச்சுக் கலவையில ஊத்தற லிக்விடைத்தான் பல பேர் வாட்டர்ப்ரூஃப்னு சொல்றாங்க. அது பூச்சோட துளைகளைக் குறைக்கும், நல்லதுதான். ஆனா விரிசல் விட்டா அது வழியா தண்ணி போகும். மேல அடிக்கற கோட்டிங்குக்கு அது மாற்று கிடையாது.

6. தண்ணி கட்டிப் பார்க்கறது. கோட்டிங் காய்ஞ்சதும் நஹானி ட்ராப்பை அடைச்சு, வாசல்ல சின்னக் கரை கட்டி, தரையில ரெண்டு இஞ்சு தண்ணி நிறுத்தணும். சுவர்ல பென்சில்ல மட்டம் குறிச்சு 48 மணி நேரம் விடுங்க. கீழ் வீட்டுக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டு, அவங்க சீலிங்கை ரெண்டு நாளும் பாருங்க. மட்டம் கொஞ்சம் இறங்கறது ஆவியாகறதால இருக்கலாம். கீழே ஈரம் தெரிஞ்சா, மூலையில, ட்ராப்ல எங்கன்னு கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டு மறுபடி 48 மணி நேரம். சுவர்ல இப்படித் தண்ணி நிறுத்த முடியாது. அதனால டார்ச்சைச் சுவரோட ஒட்டி சாய்வா அடிச்சு, ஊசி ஓட்டை, விட்டுப்போன இடம் இருக்கான்னு பாருங்க.

7. டைல்ஸ். கோட்டிங் மேல வெறும் சிமெண்ட் பால் வெச்சு ஒட்டினா பிடிப்பு குறைவு. ஐஎஸ் 15477 தரம் போட்ட டைல் பசை வாங்குங்க. டைல்ஸ் ஒட்டறவங்க கோட்டிங்கைக் கொத்தி விடாம பார்த்துக்கறது முக்கியம். "பிடிப்பு வரட்டும்"னு பழக்கத்துல கொத்திடுவாங்க, அங்கேயே உங்க 10,000 போச்சு. கடைசியா, ஷவர் கண்ணாடி, டவல் ராடுக்கு டிரில் போடற ஒவ்வொரு ஓட்டையும் கோட்டிங்கைத் துளைக்குது. ஸ்க்ரூ போடறதுக்கு முன்னாடி அந்த ஓட்டையில சிலிக்கான் சீலண்ட் நிரப்பச் சொல்லுங்க.

அவசரத்தோட விலை

நம்மள மாதிரி சம்பளக்காரங்க மாட்டிக்கற இடம் இதுதான். இஎம்ஐ ஆரம்பிச்சாச்சு, வாடகையும் ஓடுது. சீக்கிரம் குடிபோகணும்னு நாமளே அவசரப்படுத்தறோம். ஒரு வாரத்துல முடிக்கறேன்னு சொல்றவருக்கு வேலையைக் கொடுத்துடறோம்.

வாடகை 15,000னா ஒரு நாளைக்கு 500 ரூபாய். பூச்சுக்கு 7 நாள், கோட்டிங் காய சில நாள், தண்ணி கட்ட 2 நாள்னு முறையா செஞ்சா சுமார் 10 நாள் கூடுதலாகும்னு வெச்சுப்போம். அதுக்கு 5,000 ரூபாய். கோட்டிங்கோட சேர்த்து 15,000. அப்பவும் உடைச்சுக் கட்டற 63,750-ல நாலுல ஒரு பங்கு கூட இல்ல. அந்த 10 நாளைச் சும்மா விடவும் வேண்டாம். எலெக்ட்ரிக் வேலை, கிச்சன் மரவேலையை அப்ப வெச்சுக்கோங்க.

பணத்தை எப்படிப் பிரிச்சுக் கொடுக்கணும்?

தினமும் ஆபீஸ் போற உங்களால சைட்ல நிக்க முடியாது. உங்களுக்கு இருக்கற ஒரே பிடி, பணம் கொடுக்கற நேரம். பாத்ரூம் கான்ட்ராக்ட் 60,000னு வெச்சுக்கிட்டா:

- வேலை ஆரம்பிக்க: 12,000
- பிரஷர் டெஸ்ட் முள்ளை போட்டோ எடுத்த பிறகு: 12,000
- 48 மணி நேரம் தண்ணி கட்டி, கீழ சீலிங் காய்ஞ்சிருக்குன்னு பார்த்த பிறகு: 15,000
- டைல்ஸ், கிரவுட் முடிஞ்ச பிறகு: 15,000
- 15 நாள் குளிச்சுப் பார்த்த பிறகு: 6,000

இதை ஆரம்பத்துலயே பேசி, வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பி "ஓகே" வாங்கிக்கோங்க. நடுவுல சொன்னா சண்டைதான் வரும். நல்லா வேலை செய்யற மேஸ்திரிக்கு இதுல பிரச்சினையே இருக்காது.

கோட்டிங் பொருளை நீங்களே வாங்குங்க. பில், பேக்கெட்ல இருக்கற தேதி ரெண்டையும் போட்டோ எடுங்க. ஒரு கிலோ எத்தனை சதுர அடி வரும்னு பேக்கெட்ல இருக்கும். 125 சதுர அடி, ரெண்டு கோட்டுக்கு எவ்வளவு வேணும்னு வகுத்துப் பாருங்க. வேலை முடிஞ்சு பாதிப் பொருள் மிச்சம் இருந்தா, ஒரு கோட்தான் அடிச்சிருக்காங்க. இன்னொரு எளிய வழி: ரெண்டு நிறத்துல கிடைச்சா முதல் கோட் வெள்ளை, ரெண்டாவது கிரே. சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சு வந்து பார்த்தாலே தெரிஞ்சிடும்.

புது ஃபிளாட், பழைய ஃபிளாட்: கவனிக்க வேண்டியது

புது ஃபிளாட்டா? உடைக்கறதுக்கு முன்னாடி யோசிங்க. 2016 ரெரா சட்டத்தோட பிரிவு 14(3) படி, சாவி கொடுத்த நாள்ல இருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானத்துலயோ வேலைத்தரத்துலயோ குறை இருக்குன்னு நீங்க தெரியப்படுத்தினா, பில்டர் 30 நாளுக்குள்ள கூடுதல் பணம் வாங்காம சரி பண்ணிக் கொடுக்கணும். பாத்ரூம் கசிவுக்கு இது ரொம்பப் பயன்படும். ஆனா "டைல்ஸ் டிசைன் பிடிக்கலை"ன்னு நீங்களே உடைச்சு மாத்தினா, "கசிவுக்கு உங்க வேலைதான் காரணம்"னு பில்டர் கைகாட்ட வழி கிடைச்சுடும். கசிவு தெரிஞ்சா முதல்ல போட்டோவோட ஈமெயில் போடுங்க. போன்ல சொன்னது எங்கேயும் நிக்காது.

பழைய ஃபிளாட்ல "பழைய டைல்ஸ் மேலயே புது டைல்ஸ் ஒட்டிடலாம், உடைக்கற செலவு மிச்சம்"னு சொல்வாங்க. பாத்ரூம் கசியலைன்னா, பழைய டைல்ஸ் உறுதியா இருந்தா, அது பரவாயில்ல. ஏற்கெனவே ஓதம் இருந்தா வேண்டாம். கசிவு அப்படியே உள்ள இருக்கும், அடுத்த தடவை ரெண்டு அடுக்கு டைல்ஸ் உடைக்கணும்.

இன்ஷூரன்ஸ் பார்த்துக்கும்னு நம்பாதீங்க. 2021 ஏப்ரல்ல வந்த பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுப் பாலிசியில தண்ணித் தொட்டி, பைப் வெடிக்கறது, நிரம்பி வழியறது இருக்கு. வருஷக்கணக்கா மெல்ல ஊறற கசிவு அந்த ஆபத்துப் பட்டியல்ல இல்ல.

வாடகைக்கு வீடு தேடறவங்களுக்கும் ஒண்ணு: அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி பாத்ரூமை ஒட்டின பெட்ரூம் சுவரோட கீழ் ஒரு அடியைத் தொட்டுப் பாருங்க. புதுசா அந்த இடத்துல மட்டும் பெயிண்ட் அடிச்சிருந்தா, ஏன்னு கேளுங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

பாத்ரூம் வேலை பிளான்ல இருக்கறவங்க உங்க எக்ஸெல்லைத் திறங்க. "வாட்டர்ப்ரூஃபிங், 2 கோட், 7 அடி உயரம்"னு ஒரு வரி சேருங்க. "காத்திருக்கும் நாள் வாடகை"ன்னு இன்னொரு வரி. பட்ஜெட் தாண்டுதா? டைல்ஸ்ல சதுர அடிக்கு 20 ரூபாய் கம்மியான டிசைன் எடுங்க. 185 சதுர அடிக்கு 3,700 ரூபாய் அங்கயே கிடைச்சிடும். ஷவரை அடுத்த போனஸ்ல மாத்திக்கலாம், கண்ணாடித் தடுப்பை அடுத்த வருஷம் போட்டுக்கலாம். டைல்ஸுக்குப் பின்னாடி இருக்கறதை மட்டும் அப்புறமா மாத்திக்க முடியாது.

உங்க ஊர்ல சதுர அடிக்கு என்ன ரேட் கேட்கறாங்கன்னு கமெண்ட்ல ஊர் பேரோட போடுங்க. மத்தவங்க பேரம் பேச அது உதவும். அடுத்த பதிவுல சந்திப்போம்!